மினிக்கும் கூப்பருக்கும் நடுவுல ரெண்டு பவுண்டு

மினின்னா நம்ம ஊர்ல மினி பஸ். அதை விட்டா மினி இட்லி, மினி டிபன், மினி லாரி. காரைச் சொல்லணும்னா 'மினி கூப்பர்'னு முழுசாச் சொல்லியாகணும். சிக்னல்ல ஒரு மினி வந்து நின்னா, அது எந்த மாடலா இருந்தாலும் சரி, பைக்ல பின்னாடி உக்காந்திருக்கிறவன் முன்னாடி இருக்கிறவன் முதுகைத் தட்டி "மச்சி, மினி கூப்பர்டா!"ன்னுதான் சொல்லுவான். வெறும் மினின்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனா ஆரம்பத்துல இது ரெண்டும் வேற வேற கார். மினி என்பது சம்பளக்காரர் ஒருத்தர் குழந்தை குட்டியோடு போய்வர வாங்கின சிக்கனமான குடும்பக் கார். கூப்பர் என்பது ஒரு மனுஷரோட பேர். அவர் அந்தக் குடும்பக் காரைக் கொஞ்சம் மாத்தி வேகமா ஓட வெச்சார். காரை வடிவமைச்சவருக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கலை. கடைசியில என்ன ஆச்சுன்னா, காரோட பேரையே வேகக் கார் முழுங்கிடுச்சு.

புதுக் கார் வாங்கப் போற நண்பர்கள் அடிக்கடி கேக்கிற கேள்வி: "சாதாரண மாடல் எடுக்கிறதா, இல்லை அதே காரோட ஸ்போர்ட் மாடலுக்கு ரெண்டு லட்சம் சேர்த்துப் போடறதா?" அதுக்கு நான் சொல்ற பதில் இந்தப் பழைய கதையில இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. காபியோட உக்காருங்க :-)

கால்வாயை மூடினா கார் பிறக்கும்

1956 ஜூலையில எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில சண்டை. கால்வாய் அடைபட்டுப் போச்சு. எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு வர வேண்டிய நிலை. அந்த டிசம்பர்லேருந்து அடுத்த மே வரைக்கும் பிரிட்டன்ல பெட்ரோலுக்கு ரேஷன்.

ரேஷன் வந்ததும் ஜனங்க என்ன பண்ணுவாங்க? எது கம்மியாக் குடிக்குதோ அதை வாங்குவாங்க. ஜெர்மனியிலேருந்து வந்த 'பபிள் கார்'களுக்கு அப்போ திடீர் கிராக்கி. முட்டைக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும். இஸெட்டாவுக்கு முன்பக்கம் ஒரே கதவு, ஃப்ரிட்ஜைத் திறக்கிற மாதிரி திறந்து உள்ள ஏறணும். பிரிட்டனின் பெரிய கார் கம்பெனியான பி.எம்.சி.யின் (ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் சேர்ந்து உண்டான கம்பெனி) தலைவர் லெனர்ட் லார்டுக்கு இந்த முட்டைகளைக் கண்டாலே ஆகாது. இதுங்களை ரோட்டை விட்டே துரத்தற மாதிரி ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேணும்னு தன்னோட டிசைனர்கிட்ட சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: புது எஞ்சின் எல்லாம் செய்ய நேரமில்லை, கம்பெனியில ஏற்கனவே இருக்கிறதை வெச்சு செய்யணும்.

அந்த டிசைனர்தான் அலெக் இஸிகோனிஸ். 1906-ல் ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) பிறந்தவர். 1922-ல் அந்த ஊர் போர்ல சிக்கினப்போ குடும்பத்தோட கிளம்பி இங்கிலாந்து வந்தார். லண்டன் பேட்டர்ஸீ பாலிடெக்னிக்ல இன்ஜினியரிங் படிச்சப்போ கணக்குல மூணு தடவை ஃபெயில். (அரியர் வெச்ச சிங்கங்களே, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) 1948-ல் வந்த மாரிஸ் மைனர் இவரோட கைவண்ணம். நம்ம நாட்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்'னு வித்தது இந்த மைனரைத்தான். இலங்கை நண்பர்களுக்கு மைனரை நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம், அங்கே பல வீட்ல அது குடும்ப உறுப்பினர்.

அந்த மைனர்ல 1952-லேருந்து வந்த 'ஏ-சீரிஸ்' எஞ்சின்தான் இந்தக் கதையில ஹீரோவோட நண்பன். சின்னது, எளிமையானது, சாதாரண மெக்கானிக் பிரிச்சு மாட்டக்கூடியது. இதைத்தான் புதுக் காருக்கும் எடுத்தாங்க.

பத்தடிக்குள்ள ஒரு குடும்பம்

இஸிகோனிஸ் தனக்குத் தானே போட்டுக்கிட்ட கணக்கு இது. காரோட மொத்த நீளம் 10 அடி. அதுல 6 அடி மனுஷங்களுக்கு. மிச்சம் 4 அடிக்குள்ள எஞ்சின், கியர்பாக்ஸ், டிக்கி எல்லாம் அடங்கணும். நாம வேலை பார்க்கிற பிராஜெக்ட்டுக்கு எல்லாம் இவ்வளவு தெளிவா ரெக்வயர்மென்ட் வந்தா எப்படி இருக்கும்!

இதுக்காக அவர் பண்ணின வேலைகளை ஒண்ணொண்ணாப் பார்ப்போம். பின்னாடி தேவைப்படும்.

முதல்ல எஞ்சின். நீளவாக்கில வெச்சா இடம் போதாது, அதனால குறுக்க திருப்பி வெச்சார். கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பக்கத்துல வைக்காம, எஞ்சினுக்கு அடியில, ஆயில் தேங்கி நிக்கிற தொட்டிக்குள்ளேயே போட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். எஞ்சின் முன்னாடி, இழுக்கிறதும் முன் சக்கரம். அதனால பின்னாடி போற நீளமான ஷாஃப்ட்டும் வேண்டாம், அதுக்காகத் தரையில மேடும் வேண்டாம்.

ரெண்டாவது சக்கரம். பெரிய சக்கரம் உள்ள வந்து இடத்தைத் தின்னும். அதனால 10 அங்குலச் சக்கரம். அப்படி ஒரு டயரே அப்போ சரியாக் கிடையாது, டன்லப் தனியா செஞ்சு கொடுத்தது. நாலு சக்கரத்தையும் நாலு மூலைக்குத் தள்ளிட்டார்.

மூணாவது சஸ்பென்ஷன். சுருள் ஸ்பிரிங் வெச்சா அதுக்கும் இடம் வேணும். தவிர, 600 கிலோவை ஒட்டின எடையுள்ள கார்ல ஒருத்தர் மட்டும் போறப்பவும் நாலு பேர் ஏறினப்பவும் எடை ரொம்ப மாறும். ரெண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்து வராது. அவரோட நண்பர் அலெக்ஸ் மோல்ட்டன் ரப்பரால ஒரு கூம்பு செஞ்சு கொடுத்தார். அமுக்க அமுக்க அதுவே கெட்டியாகிக்கிட்டு வரும், இடமும் கொஞ்சம்தான் எடுக்கும்.

கவனிச்சீங்களா? இதுல ஒரு முடிவு கூட வேகத்துக்காக எடுத்தது இல்லை. எல்லாமே இடத்துக்காகவும் காசுக்காகவும்தான்.

வேகத்தைக் கழிச்சு வித்த கார்

இனி சொல்லப் போறதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம்.

1957-ல் ஓட்டிப் பார்த்த முதல் மாதிரிக் கார்கள்ல 948 சிசி எஞ்சின் இருந்துச்சு. அது மணிக்கு 90 மைலைத் தாண்டி (சுமார் 145 கி.மீ.) ஓடிடுச்சு. அந்தக் காலத்து இங்கிலாந்துல சாதாரணக் குடும்பக் கார் 70 மைல் தொட்டாலே பெரிய விஷயம். மளிகை வாங்கப் போற காருக்கு இவ்வளவு வேகம் ஆபத்துன்னு எஞ்சினை 848 சிசி ஆக்கிக் குறைச்சாங்க. அதாவது நம்ம ஊர்ல ஸ்கூல் வேனுக்கு 'ஸ்பீட் கவர்னர்' மாட்டற மாதிரி, கம்பெனியே பார்த்து வேகத்தைக் கழிச்சுடுச்சு.

1959 ஆகஸ்ட் 26 அன்னைக்குக் கார் வெளிவந்தது. ஆஸ்டின் செவன், மாரிஸ் மினி-மைனர்னு ஒரே காருக்கு ரெண்டு பேர். 34 குதிரைத்திறன். உச்ச வேகம் சுமார் 72 மைல் (116 கி.மீ.). நின்ன இடத்துலேருந்து 60 மைல் வேகம் தொட சுமார் 27 விநாடி (நடுவுல ஒரு வடை சாப்பிடலாம்). லிட்டருக்கு 14, 15 கி.மீ. கிடைச்சது. விலை வரியோட சேர்த்து 497 பவுண்டு. கண்ணாடி மேலே கீழே இறங்காது, பக்கவாட்டில தள்ளணும். கதவை உள்ளேருந்து திறக்க ஒரு கயிறு. ஆரம்பத்து கார்கள்ல மழை பெய்தா தரை வழியாத் தண்ணி வேற உள்ள வந்துச்சு.

போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி நட்டு போல்ட் வரைக்கும் பிரிச்சுக் கணக்குப் பார்த்தது. ஒவ்வொரு காருக்கும் பி.எம்.சி. சுமார் 30 பவுண்டு நஷ்டத்துல விக்குதுன்னு அவங்களுக்கு விடை வந்தது. அந்தக் கணக்கு சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் வாதம் நடக்குது. ஆனா லாபம் ரொம்ப மெலிசுங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கராஜ்காரர் வர்றார்

ஜான் கூப்பர். லண்டனை ஒட்டின ஸர்பிட்டன்ல அப்பாவோட சேர்ந்து கராஜ் வெச்சு ரேஸ் கார் செஞ்சவர். ரேஸ் கார்ல எஞ்சினை டிரைவருக்குப் பின்னாடி கொண்டு போய் ஃபார்முலா ஒன்னையே தலைகீழாப் புரட்டிப் போட்டவர். அவர் கார்ல ஓட்டித்தான் ஜாக் பிராபம் 1959, 1960 ரெண்டு வருஷமும் உலகச் சாம்பியன் ஆனார்.

ஃபார்முலா ஜூனியர்னு ஒரு சின்ன ரேஸ் பிரிவு உண்டு. அதுக்குக் கூப்பர் செஞ்ச கார்கள்ல பி.எம்.சி.யோட ஏ-சீரிஸ் எஞ்சின்தான். மாரிஸ் மைனர்ல சாதுவா ஓடிக்கிட்டிருந்த அதே எஞ்சின். அதை எவ்வளவு தூரம் முறுக்கலாம், எந்த இடத்துல உடையும்னு அவருக்கு அத்துப்படி. அந்த மனுஷர் மினியை ஓட்டிப் பார்த்தா என்ன தோணும்? திருப்பத்துல அது ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போற விதத்தைப் பார்த்துட்டு, "இதுல இன்னும் கொஞ்சம் சக்தி வெச்சா?"ன்னு தோணிடுச்சு.

நேரா நண்பர் இஸிகோனிஸ்கிட்ட போனார். இஸிகோனிஸ் முடியாதுன்னுட்டார். இது பொதுஜனங்களுக்கான கார், இதை ரேஸுக்குக் கொண்டு போறதுல அவருக்கு விருப்பமே இல்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, இஸிகோனிஸும் இளவயசுல ரேஸ் பைத்தியம்தான்! 1930-களில் ஜார்ஜ் டௌசன்கிற நண்பரோட சேர்ந்து 'லைட்வெயிட் ஸ்பெஷல்'னு ஒரு குட்டி ரேஸ் காரைக் கையாலேயே வருஷக்கணக்கா செஞ்சு மலையேற்றப் பந்தயங்கள்ல ஓட்டினவர். அதுல எஞ்சின் ஆஸ்டின் செவனோடது, அதாவது அன்னைக்கு இருந்த குடும்பக் காரோடது. சஸ்பென்ஷனுக்கு? ரப்பர்! மினி யோசனையோட விதையே ஒரு ரேஸ் கார்ல இருந்துச்சுன்னு சொன்னாத் தப்பில்லை. இருந்தும் கூப்பருக்கு நோ சொன்னார். நம்ம வீட்ல அப்பாக்கள் தான் ஓட்டின காலத்தை மறந்துட்டு "பைக் எல்லாம் வேண்டாம்"னு சொல்ற மாதிரின்னு வைச்சுக்கலாம்.

கூப்பர் அசரலை. பி.எம்.சி. நிர்வாக இயக்குநர் ஜார்ஜ் ஹாரிமனைப் போய்ப் பார்த்தார். பந்தயத்துல சாதாரணக் கார் பிரிவுல ஓடணும்னா குறைஞ்சது 1000 கார் தயாரிச்சிருக்கணும். 1000 விக்குமான்னு ஹாரிமனுக்கே சந்தேகம். இருந்தாலும் சரின்னார். கூப்பரோட பேரைப் போட்டுக்க, அவர் உதவிக்கு, ஒரு காருக்கு ரெண்டு பவுண்டு ராயல்ட்டி.

பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்

1961-ல் மினி கூப்பர் வந்தது. இப்போ ரெண்டு காரையும் ஒப்பிடலாம்.

எஞ்சின்: மினி 848 சிசி, கூப்பர் 997 சிசி. ரெண்டும் அதே ஏ-சீரிஸ். பிஸ்டன் ஏறி இறங்குற தூரத்தை 68 மி.மீ.லேருந்து 81 மி.மீ. ஆக்கினாங்க.
கார்ப்பரேட்டர்: மினிக்கு ஒண்ணு, கூப்பருக்கு ரெண்டு.
சக்தி: 34 குதிரைத்திறன், 55 குதிரைத்திறன்.
உச்ச வேகம்: சுமார் 72 மைல், சுமார் 85 மைல் (137 கி.மீ.).
60 மைல் தொட: சுமார் 27 விநாடி, 17-18 விநாடி.
முன் பிரேக்: மினிக்கு டிரம், கூப்பருக்கு 7 அங்குல டிஸ்க்.
விலை: 497 பவுண்டு, 679 பவுண்டு.

பாடி? அதேதான். ரப்பர் கூம்பு? அதேதான். 10 அங்குலச் சக்கரம்? அதேதான். நாலு பேர் உக்காரலாம், டிக்கியில அதே அளவு மூட்டை வைக்கலாம். வெளிப் பார்வைக்கு கிரில் வேற, கூரைக்கு வேற கலர், அவ்வளவுதான்.

அந்த 85 மைலை இன்னொரு தடவை பாருங்க. 1957-ல் "ஐயோ, இவ்வளவு வேகமா!"ன்னு எடுத்து ஓரமா வெச்ச மாதிரிக் காரோட வேகத்தை முதல் கூப்பர் இன்னும் எட்டவே இல்லை! நம்ம தொழில்ல சாஃப்ட்வேரை முழுசா எழுதிட்டு, பாதி ஃபீச்சரைப் பூட்டி வெச்சு, லைசென்ஸ் கீக்குத் தனியாக் காசு வாங்குவாங்க இல்லையா, கிட்டத்தட்ட அதே கதை.

'கிட்டத்தட்ட'ன்னுதான் சொல்றேன். ஏன்னா சாவியைப் போட்டுத் திறந்ததும் எல்லாம் தானா வந்துடலை. வேகத்தைக் கூட்டினா நிறுத்தவும் தெரியணும். 10 அங்குலச் சக்கரத்துக்குள்ள எவ்வளவு பெரிய டிஸ்க்கை நுழைக்க முடியும்? அந்த 7 அங்குல டிஸ்க் பத்தலை. 1963-ல் 1071 சிசி எஞ்சினோட 'கூப்பர் எஸ்' வந்தப்போ 7.5 அங்குல டிஸ்க்கும், மிதிக்கிற பலத்தைப் பெருக்கித் தர சர்வோவும் சேர்த்தாங்க. எஞ்சினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் இன்னும் உறுதியான எஃகு. சக்தி 70 குதிரைத்திறன். இந்த வேலையில டௌன்டன் இன்ஜினியரிங் டேனியல் ரிச்மண்டோட கைங்கரியமும் உண்டு. 1964-ல் 1275 சிசி வந்தப்போ 76 குதிரைத்திறன், 96 மைல், 60 மைல் தொட சுமார் 11 விநாடி. இப்பத்தான் மாதிரிக் காரோட வேகத்தைத் தாண்டினாங்க.

ஆக, உள்ளே ஒளிஞ்சிருந்ததை வெளியே கொண்டு வந்தது பாதி. அதைத் தாங்கற மாதிரி பலப்படுத்தினது மீதி.

பனியில ஒரு பரீட்சை

மான்டி கார்லோ ராலி ஜனவரி மாசம் நடக்கும். ஐரோப்பாவோட பல ஊர்கள்லேருந்து கார்கள் கிளம்பி, ஆல்ப்ஸ் மலைப் பாதையில பனியிலயும் ஐஸ்லயும் ராத்திரியில ஏறி இறங்கி மொனாக்கோ போய்ச் சேரணும். 1964-ல் பெல்ஃபாஸ்ட்காரர் பேடி ஹாப்கர்க், பக்கத்து சீட்ல வழி சொல்ல ஹென்றி லிடன், கூப்பர் எஸ் கார்ல மின்ஸ்க்லேருந்து கிளம்பி வந்து ஜெயிச்சாங்க. ரெண்டாவது வந்தது 4.7 லிட்டர் வி-8 எஞ்சின் வெச்ச ஃபோர்டு ஃபால்கன்.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிடணும். மலைப் பாதையில உண்மையிலேயே அதிவேகமா ஓடினது அந்த ஃபால்கன்தான், ஓட்டினவர் போ லியுங்ஃபெல்ட். எஞ்சின் அளவுக்கு ஏத்த மாதிரி கணக்குப் பண்ற ஹேண்டிகேப் முறை அப்போ இருந்துச்சு, அதுல மினி முன்னாடி வந்தது. ஆனா ஃபால்கனோட எஞ்சின்ல நாலுல ஒரு பங்கு கூட இல்லாத ஒரு கார் அது பக்கத்துல நிக்கிறதே எப்படி?

இங்கேதான் இஸிகோனிஸோட இடம் மிச்சம் பிடிச்ச கணக்கு எல்லாம் பலன் கொடுக்குது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாடி ஒரே மூட்டையா இருக்கிறதால காரோட எடையில பெரும்பங்கு இழுக்கிற சக்கரத்து மேலேயே உக்காருது. பனியில வழுக்காமப் பிடிச்சுக்க இதைவிட என்ன வேணும்? சக்கரம் நாலு மூலையில இருக்கிறதால திருப்பத்துல சாயாது. கார் குறுகலா இருக்கிறதால மலைப் பாதையில மத்தவங்களுக்கு இல்லாத இடம் இவங்களுக்கு இருக்கு. எடை கம்மி, அதனால பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் கம்மி. காசு மிச்சம் பண்ணணும்னு எடுத்த முடிவு ஒவ்வொண்ணும் பந்தயத்துல ஆயுதமா மாறிடுச்சு.

1965-ல் பயங்கரப் பனிப்புயல்ல டிமோ மாக்கினென் ஜெயிச்சார். 1967-ல் ராவ்னோ ஆல்டோனென், பதின்சொச்ச விநாடி வித்தியாசத்துல. நடுவுல 1966 இருக்கே, அதைப் பத்திச் சொல்லலைன்னா இந்தப் பதிவே வேஸ்ட்.

பிரிச்சுப் பார்த்தாங்க

1966-ல் புது விதி. ஷோரூம்ல விக்கிற காருக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிற பிரிவுக்குத்தான் சாதகம். வருஷத்துக்கு 5000 கார் தயாரிச்சிருக்கணும், மாத்தங்கள் ரொம்பக் கொஞ்சம்தான் செய்யலாம். அதாவது கடையில காசு கொடுத்து வாங்கற காருக்கு நெருக்கமாத்தான் ஓட்டணும். முடிவு? மாக்கினென், ஆல்டோனென், ஹாப்கர்க். முதல் மூணு இடமும் மினி.

நடுவர்களால நம்ப முடியலை. காரை மணிக்கணக்காப் பிரிச்சுப் பார்த்தாங்க. எஞ்சின், கியர், அளவுகள்னு அக்கு வேறு ஆணி வேறா. ஏதோ தில்லுமுல்லு கிடைக்கும்னு தேடினவங்களுக்குக் கிடைச்சது... ஒரு மினிதான். கடைசியில ஹெட்லைட்டைப் பிடிச்சாங்க. ஒற்றை இழை அயோடின் பல்பு போட்டிருந்தாங்க, டிம் பண்ணினா வெளிச்சம் ஃபாக் லைட்டுக்கு மாறும். இது விதிப்படி இல்லைன்னு மூணு மினியும் அவுட். நாலாவது வந்த ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினாவும் அதே காரணத்துக்காக அவுட். அஞ்சாவது வந்த பௌலி டொய்வோனென் ஓட்டின சித்ரோயன் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. பிரெஞ்சுப் பத்திரிகைக்காரங்க சிலருக்கே அது ரசிக்கலை. ஜெயிச்சிருந்தா ரெண்டு நாள் பேச்சு, தோற்கடிக்கப்பட்டதால இன்னைக்கும் பேசறோம்.

என்னைப் பொறுத்தவரை மினிக்குக் கிடைச்ச பெரிய பாராட்டு 1964 கோப்பை இல்லை, இந்த 1966 சந்தேகம்தான். குடும்பக் காருக்குள்ள இவ்வளவு இருக்க முடியாதுன்னு நினைச்சுத் திறந்து பார்த்தவங்க, உள்ளே குடும்பக் காரையே பார்த்தாங்க.

ஆன்சைட்ல இங்கிலாந்து போயிருந்தப்போ ஒரு சனிக்கிழமை கேடனில் உள்ள மோட்டார் மியூசியத்துக்குப் போனேன். 1959-ல் கௌலி ஃபேக்டரியில செஞ்ச முதல் மாரிஸ் மினி, 621 ஏஓகே, வெள்ளை நிறம். 1964-ல் ஜெயிச்ச 33 ஈஜேபி, சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழே. முதல் காரைப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போனப்போ நான் தேடினது வித்தியாசத்தை. லைட்டு, ஸ்டிக்கர், நம்பர் எல்லாத்தையும் மனசுக்குள்ள கழட்டிட்டுப் பார்த்தா மிச்சம் நிக்கிறது அந்த வெள்ளைக் கார்தான். எங்க அப்பா உயரத்துக்குக் கூட உள்ள வசதியா உக்காரலாம்னு தோணிச்சு. பக்கத்துல நின்னா கூரை என் நெஞ்சு வரைக்கும்தான் வருது.

ரெண்டு பவுண்டு மிச்சம்

1000 விக்குமான்னு சந்தேகப்பட்ட கூப்பர் பல்லாயிரக் கணக்குல வித்துச்சு. சாதாரண மினியில லாபம் மெலிசுன்னு சொன்னேன் இல்லையா, கூப்பருக்கு 180 பவுண்டுக்கு மேல கூடுதல் விலை. இன்னொரு கார்ப்பரேட்டரும் ஒரு ஜோடி டிஸ்க்கும் அவ்வளவா ஆகும்? அதோட, மான்டி கார்லோ ஜெயிச்ச காரைப் பேப்பர்ல பார்த்துட்டு ஷோரூமுக்கு வர்றவர் கையில காசு கம்மியா இருந்தா, சாதாரண மினியை வாங்கிட்டுப் போவார். உருவம் ஒண்ணுதானே.

1968-ல் பி.எம்.சி.யோட வழிவந்த கம்பெனி லேலண்டோட சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆச்சு. தலைவர் டொனால்ட் ஸ்டோக்ஸ். செலவைக் குறைக்கணும். யார் யாருக்கு ராயல்ட்டி போகுதுன்னு பட்டியல் எடுத்தப்போ ஜான் கூப்பர் பேரும் அதுல இருந்துச்சு. 1969-ல் சாதாரணக் கூப்பரை நிறுத்தி, பதிலா '1275 ஜிடி'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒரே கார்ப்பரேட்டர், 60 குதிரைத்திறனை ஒட்டின சக்தி. 1971-ல் கூப்பர் எஸ்ஸும் நின்னது, ஒப்பந்தமும் முடிஞ்சது. காருக்கு ரெண்டு பவுண்டு மிச்சம்! இத்தாலியில இன்னொசென்டி கம்பெனி மட்டும் 1975 வரைக்கும் மினி கூப்பரை செஞ்சுக்கிட்டிருந்தது. வீட்ல வேண்டாம்னு ஒதுக்கின பிள்ளை வெளியூர்ல பொழைச்ச மாதிரி.

அந்தப் பேரோட மதிப்பு ரெண்டு பவுண்டுக்கு மேலன்னு புரிஞ்சுக்க 19 வருஷம் ஆச்சு. 1990-ல் ரோவர் கம்பெனி மறுபடியும் கூப்பரைக் கொண்டு வந்தது. 1994-ல் ரோவரை வாங்கினது பி.எம்.டபிள்யூ. பிறகு ரோவரைக் கை கழுவினப்பவும் மினியை மட்டும் விடலை. 2001-லேருந்து ஆக்ஸ்ஃபோர்டில் புது மினி. அதுல 'ஒன்', 'கூப்பர்', 'கூப்பர் எஸ்'னு படிகள் வெச்சாங்க, கூப்பர் என்பது நடுப்படிக்குப் பேர் ஆச்சு. 2018-லேருந்து நம்ம சென்னைக்குப் பக்கத்து பி.எம்.டபிள்யூ ஆலையில கூட மினி கன்ட்ரிமேனை அசெம்பிள் பண்ணியிருக்காங்க. 2024-ல் வந்த தலைமுறையில மூணு கதவுக் காருக்கே பேர் 'கூப்பர்'. பெட்ரோல் இல்லாத எலெக்ட்ரிக்குக்கும் அதே பேர்தான். பைக்ல பின்னாடி உக்காந்திருந்தவன் அத்தனை வருஷமாச் சொன்னதைக் கம்பெனியே ஒத்துக்கிச்சு :-)

பழைய மினியோட கடைசிக் கார் 2000 அக்டோபர் 4-ல் லாங்பிரிட்ஜ் ஆலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் 53 லட்சத்து 87 ஆயிரத்து 862 கார்கள். அந்தக் கடைசி கார் எது தெரியுமா? சிவப்பு நிற 'கூப்பர் ஸ்போர்ட்'. கூப்பர் வேண்டாம்னு சொன்ன இஸிகோனிஸ் இதைப் பார்க்க இல்லை, 1988-லேயே போயிட்டார். ஜான் கூப்பர் பார்த்தார். அதே வருஷம் டிசம்பர் 24-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சரி, ரெண்டு லட்சம் சேர்த்துப் போடலாமான்னு கேட்ட நண்பருக்குப் பதில். ஸ்போர்ட் மாடலை அப்புறம் பாருங்க. முதல்ல அதே காரோட அடிமட்ட மாடலை எடுத்து ஒரு நல்ல வளைவுல ஓட்டிப் பாருங்க. எடை கம்மியா இருக்கா, ரோட்டைப் பிடிக்குதா, நிறுத்தினா நிக்குதா? இது மூணும் சாதாரண மாடல்லேயே இருந்தா, கூடுதல் காசுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கும். பிரேக்கையும் சேர்த்து மாத்தியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. சாதாரண மாடல்ல இல்லாத எதையும் சிவப்புத் தையல் போட்ட சீட்டும் பின்னாடி ஒட்டின எழுத்தும் கொண்டு வந்து சேர்க்காது. காசு இல்லைன்னாலும் கவலை வேண்டாம். நல்ல காரோட அடிமட்ட மாடலை வாங்கறவர், இஸிகோனிஸ் யாருக்காக மண்டையைப் போட்டு உடைச்சாரோ, அந்த ஆள்.